பவளமணியிலிருந்து ஒரு குரல்

சங்கரன்கோவில்காரர்களுக்குக் கடல் என்பது திருச்செந்தூர் போகும்போது கால் நனைத்துவிட்டு வருகிற இடம். அதற்கு மேல் அதோடு அவர்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த ஊரில் பிறந்த ஆறுமுகச்சாமி கப்பலில் ரேடியோ ஆபீசர் வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் தெருவில் எல்லோருக்கும் ஒரே சந்தேகம். "கப்பல்ல பாட்டு வைக்குத வேலையா வே?" என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டார்கள். எழுபத்திரண்டாம் வருஷம் அது. முதலில் கேட்டவருக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னார். அடுத்து கேட்டவரிடம், "ஆமா அண்ணாச்சி, பாட்டுதான்," என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

அவருடைய அப்பா பருத்தி மில்லில் எடை போடுகிறவர். பையன் பி.யு.சி. முடித்ததும் வாத்தியார் வேலைக்குப் போவான் என்று நினைத்திருந்தார். பையனோ பேப்பரில் ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மெட்ராசுக்குப் போய் வயர்லெஸ் படித்தான். பரீட்சையில் ஒரு தடவை தவறி, மறு தடவை தேறி, பம்பாயில் கப்பல் ஏறினான். எண்பத்தாறில் கடலை விட்டு வந்து ரத வீதிப் பக்கம் மின்சாரச் சாமான் கடை வைக்கிற வரை, வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வந்து போகிற ஆளாகவே இருந்தார் ஆறுமுகச்சாமி.

கப்பலில் பேசிப் பழகிய பேச்சு ஊரில் அவரை ஒரு மாதிரியான ஆளாக ஆக்கிவிட்டது. எதிராளி பேசி முடிக்கும் வரை குறுக்கே ஒரு வார்த்தை வராது. முடித்த பிறகும் ஒரு விநாடி பொறுத்துத்தான் வாயைத் திறப்பார். எதைச் சொன்னாலும் அதைத் திருப்பிச் சொல்லி, "சரிதானா?" என்று கேட்பார். நம்பர் சொன்னால் ஒவ்வொரு எண்ணாகப் பிரித்துச் சொல்வார். "அரைக்கிலோ கத்திரிக்கா வாங்கிட்டு வாங்கன்னா, 'கத்திரிக்கா, அரைக்கிலோ, சரிதானா'ங்காக. புருசன்கிட்ட பேசுதேனா, போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கேனான்னு தெரியல," என்று அவர் மனைவி கோமதித்தாய் தண்ணீர் எடுக்கிற இடத்தில் சொல்லிச் சொல்லித் தெருவே சிரித்தது.

சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. நடுக்கடலில் பத்துக் கப்பல்கள் ஒரே அலைவரிசையில் காதை வைத்துக்கொண்டிருக்கும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் வாயைத் திறந்தால் இரண்டும் கெட்டுவிடும். அதனால் முதலில் கேட்க வேண்டும். யாரும் பேசவில்லை என்று தெரிந்தால் கூப்பிட வேண்டிய கப்பலின் பெயரைச் சொல்லி, தன் கப்பலின் பெயரைச் சொல்லி, காத்திருக்க வேண்டும். பேசி முடித்து மறுமொழி வேண்டுமென்றால் 'ஓவர்' என்று சொல்லிப் பொத்தானிலிருந்து கையை எடுக்க வேண்டும். சொந்தக் கதை பேசக் கூடாது, கேலி கூடாது, சத்தம் போடக் கூடாது. காற்றும் மழையும் இரைகிற இடத்தில், பாதி மட்டுமே காதில் விழும் ஒரு குரலிலிருந்து முழுச் செய்தியையும் எடுக்க மனிதர்கள் கண்டுபிடித்த வழி அது.

அந்த விதிகளில் ஆறுமுகச்சாமிக்கு மிகவும் பிடித்தது மௌன நேரம். ஒவ்வொரு மணிக்கும் முதல் மூன்று நிமிஷம், பிறகு அரை மணி ஆனதும் மூன்று நிமிஷம், ஆபத்துக்கென்று ஒதுக்கிய அந்த அலைவரிசையில் எந்தக் கப்பலும் பேசக் கூடாது. எல்லோரும் சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எங்கேயாவது பலவீனமான ஒரு குரல் உதவி கேட்டால் அது காதில் விழ வேண்டும் என்பதற்காக. ரேடியோ அறைக் கடிகாரத்தின் முகத்தில் அந்த நிமிஷங்களுக்கு வண்ணம் பூசியிருக்கும். முள் அந்த வண்ணத்துக்குள் நுழையும்போது கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு உட்காருவார். அவரே பின்னாளில் கோமதித்தாயிடம், கோயிலில்கூட அப்படி ஓர் அமைதியைப் பார்த்ததில்லை என்று சொன்னார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குரலில் அழைக்கும்போது ஆபத்துக்கு ஏற்ற மாதிரி சொற்கள் உண்டு. முன்னால் புயல் இருக்கிறது என்பது மாதிரி எச்சரிக்கைக்கு ஒரு சொல். அவசரம்தான், ஆனால் கப்பல் இன்னும் கைக்குள் இருக்கிறது என்றால் 'பான் பான்'. உயிருக்கே ஆபத்து, உடனே வாருங்கள் என்றால் 'மேடே'. மேடே என்று காதில் விழுந்தால் மற்ற எல்லாப் பேச்சும் நிற்க வேண்டும். பக்கத்தில் இருக்கிற கப்பல் தன் வழியை விட்டுத் திரும்ப வேண்டும். பான் என்றால் அப்படி இல்லை. கேட்டுக்கொண்டு தயாராக இருந்தால் போதும்.

நம் பக்கத்து ஆட்களுக்கும் இந்த விதிக்கும் சுத்தமாக ஒத்துவராது. கெட்ட செய்தியை நாம் எப்போது நேராகச் சொல்லியிருக்கிறோம்? அசலூரில் இருக்கிற மகனுக்கு 'சீரியஸ்' என்று தந்தி போனால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். அவன் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே வருகிறவர், "ஒண்ணுமில்ல மக்கா, மேலுக்குக் கொஞ்சம் சொகமில்ல, வீட்டுக்குப் போ," என்பார். தெரு முனையில் பந்தலைப் பார்க்கும் வரை அவனிடம் யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். வாயால் சொன்னால் அது நடந்ததாகிவிடும் என்று ஒரு பயம் நமக்கு.

இதை ஆறுமுகச்சாமி குறையாகச் சொன்னவர் இல்லை. அவருடைய அப்பா இறந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். 'ஃபாதர் சீரியஸ்' என்று கப்பலுக்கு வந்த தந்தியை, காதில் கேட்டுத் தன் கையாலேயே எழுதினார். கோவாக்காரக் கேப்டன் தோளைத் தட்டி, "சீரியஸ் என்றுதானே இருக்கிறது, பிழைத்துக்கொள்வார்," என்றார். இவரும் தலையாட்டினார். அர்த்தம் தெரிந்தும், கரை சேரும் வரை அப்பா கட்டிலில் படுத்திருப்பதாகவே நினைத்துக்கொண்டார். அந்தத் தந்தியை அப்படி அனுப்பிய சித்தப்பாவுக்கு மனதுக்குள் நன்றி சொல்லவும் செய்தார்.

எண்பத்தோராம் வருஷம் ஆனி மாதக் கடைசியில், அவர் இருந்த 'ரத்னமாலா' கொழும்பிலிருந்து பம்பாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. தென்மேற்குக் காற்று பேயாக அடித்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து மௌன நேரம் தொடங்கியதும் ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்தது. பான் பான். 'பவளமணி' என்ற கப்பல். தூத்துக்குடியிலிருந்து மங்களூருக்கு உப்பு ஏற்றிப் போகிற சின்னக் கப்பல் அது. மழைக்காலத்தில் அதைக் கடலுக்கு அனுப்பிய முதலாளிகளைத் திட்டுவதற்கு இது இடம் இல்லை. இருக்கிற இடத்தைச் சொல்லி, கொஞ்சம் தண்ணீர் ஏறுகிறது என்று அந்தக் குரல் இங்கிலீஷில் சொன்னது.

ஆறுமுகச்சாமி உடனே பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிற கப்பலோ கரை நிலையமோ முதலில் பதில் சொல்ல இடம் விட வேண்டும் என்பது முறை. கரை நிலையம் கேட்டது: உடனடி உதவி வேண்டுமா? குரல் சொன்னது: இல்லை, கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான். கரை நிலையமும் குறித்துக்கொண்டு விட்டுவிட்டது. அவர்கள் மேல் தப்பு இல்லை. பான் என்றால் பான்தான்.

ஆனால் அந்த இங்கிலீஷைப் பேசிய விதம் ஆறுமுகச்சாமியை நாற்காலியில் உட்கார விடவில்லை. அந்த இழுவை தென்காசிப் பக்கத்து இழுவை. மேலே போய்க் கேப்டனிடம் சொன்னார். "அவனே பான் என்கிறான், உனக்கு என்ன?" என்றார் கேப்டன். "சார், அவன் எங்க ஊர்ப்பக்கத்து ஆள். எங்க ஊர்ல கொஞ்சம் சிரமம்னா, வீட்டுக்குள்ள பாடைக்கு மூங்கில் வெட்டிக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம்," என்றார் இவர். கேப்டன் ஒரு நொடி அவரையே பார்த்துவிட்டு, "கேள்," என்றார்.

பெயர் சொல்லி அழைத்து முறைப்படி இங்கிலீஷில் ஆரம்பித்தவர், மறுமொழி வந்ததும் தமிழுக்கு மாறினார். சொந்தப் பேச்சு பேசக் கூடாது என்று விதி எழுதியவர்களுக்கு நம் பக்கத்து ஆட்களைத் தெரியாது.

"தம்பி, எந்த ஊரு நீ? ஓவர்."

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு, "புளியங்குடி. மன்சூர் அலி. நீங்க? ஓவர்."

"சங்கரன்கோவில். பேரு ஆறுமுகச்சாமி. இப்ப நான் கேக்கதுக்கு நம்ம ஊர்ல சொல்லுத மாதிரி சொல்லாத. உள்ளத அப்படியே சொல்லு. தண்ணி எங்கன நிக்கி?"

"எஞ்சின் ரூம்ல இடுப்புக்கு மேல, அண்ணாச்சி. பம்பு நின்னு போச்சு."

"எத்தன பேரு இருக்கீங்க?"

"பதினொரு பேரு. யாரையும் பயப்படுத்தாம சொல்லுன்னு கேப்டன் சொன்னாரு."

"மன்சூரு, இது பான் இல்ல. மேடே. நீ சொல்லணும். நீ சொன்னாத்தான் சுத்தி இருக்க கப்பலெல்லாம் திரும்பும்."

இந்தத் தடவை இரைச்சல் நீளமாக இருந்தது. "அதச் சொல்லிட்டா கப்பலு போயிட்டுன்னு ஆயிருமே, அண்ணாச்சி," என்றான்.

"சொல்லலன்னாலும் போகும். சொல்லு."

மன்சூர் அலி சொன்னான். மூன்று முறை மேடே, மூன்று முறை கப்பல் பெயர், இடம், நிலைமை, ஆட்கள் எத்தனை பேர், எல்லாம் வரிசையாகச் சொன்னான். அவனுடைய குரல் தூரம் போகாது என்பதால் ஆறுமுகச்சாமி அதையே தன் பெரிய ரேடியோவில் திருப்பிச் சொன்னார். கரை நிலையம் எல்லோரையும் வாய் மூடச் சொன்னது. ரத்னமாலா தன் வழியை விட்டுத் திரும்பியது.

பவளமணி சொன்ன இடத்தை நம்பமுடியாது என்று கேப்டன் சந்தேகப்பட்டார். இரண்டு நாளாகச் சூரியனையே பார்க்காத கப்பல், குத்துமதிப்பாகத்தான் கணக்குப் போட்டிருக்கும். இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காட்டுகிற கருவி பெரிய கப்பல்களில் இருக்கும். ஆனால் அதற்குக் குரல் விடாமல் வர வேண்டும். அதனால் எதிராளியை எண்ணச் சொல்வது வழக்கம்.

"மன்சூரு, ஒண்ணுல இருந்து எண்ணு. இருவது வந்ததும் மறுபடி ஒண்ணுல இருந்து. நான் போதும்னு சொல்லுத வரைக்கும் எண்ணு," என்றார்.

அவன் எண்ணினான். தமிழில்தான் எண்ணினான். கருவியின் முள் காட்டிய திசை அவர்கள் சொன்ன இடத்துக்கு வெகு தூரம் தள்ளி இருந்தது. நேராகச் சொன்ன இடத்துக்குப் போயிருந்தால் ரத்னமாலா வெறும் தண்ணீரைத்தான் பார்த்திருக்கும். எண்ணிக்கை நடுவில் சில சமயம் தவறியது. அழுகிறான் என்பது தெரிந்தது. "அண்ணாச்சி, இருக்கீகளா?" என்று கேட்பான். "இருக்கேன். எண்ணு," என்பார் இவர். மறுபடியும் ஒன்று, இரண்டு என்று தொடங்குவான். வழியெல்லாம் அப்படியே போனது. பிறகு ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் குரல் நின்றது.

ஆறுமுகச்சாமி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மேலேயிருந்து ஆள் வந்து, பவளமணியின் உயிர்காப்புப் படகு கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்ன பிறகும் கூப்பிட்டார்.

படகில் பத்துப் பேர் இருந்தார்கள். ரத்னமாலாவில் ஏற்றிய பிறகு பவளமணியின் கேப்டன் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து சொன்னார்: "மன்சூரைப் படகுக்கு வாடா என்று கத்தினேன். 'இருங்க, அண்ணாச்சி இன்னும் போதும்னு சொல்லல' என்றான். கப்பல் சாய்ந்துவிட்டது." ரத்னமாலாவில் ஆறுமுகச்சாமியைத் தவிரத் தமிழ் தெரிந்த ஆட்கள் யாரும் இல்லை. அந்த 'அண்ணாச்சி' யாரென்று பக்கத்திலேயே நின்ற ஆறுமுகச்சாமியிடம் அந்தக் கேப்டன் கேட்கவும் இல்லை.

பம்பாயில் இறங்கி லீவு வாங்கிக்கொண்டு ஆறுமுகச்சாமி ஊருக்கு வந்தார். ஆடித்தபசுக் கூட்டத்தில் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. மறுநாளே பஸ் ஏறிப் புளியங்குடிக்குப் போய் எலுமிச்சை மார்க்கெட்டில் விசாரித்தார். மன்சூர் அலியின் வாப்பா முகம்மது ஹுசைன் அங்கே கமிஷன் கடை வைத்திருந்தார். கம்பெனித் தந்தி அவருக்கு முன்பே வந்திருந்தது. கடைசியாக மகனோடு ரேடியோவில் பேசியவன் நான் என்று இவர் சொன்னதும், பெரியவர் இவருடைய கையைப் பிடித்துக் கடைக்குள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

"மருமக ஆமினாள் உங்க ஊர்லதான் தாய்வீட்ல இருக்கா. வயித்துப்புள்ளக்காரி, ஏழு மாசம். பம்பாய் ஆஸ்பத்திரில கால் முறிஞ்சு கெடக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். புள்ள நல்லபடியா பொறக்கட்டும், நானே சொல்லிக்கிடுதேன். அதுவரைக்கும் உங்க வாய்ல இருந்து ஒரு வார்த்த வந்துராம பாத்துக்கிடுங்க."

"அவங்ககிட்ட சொல்லக்கூடாது. புள்ள பொறந்த பெறகு நீங்க சொல்லுவீங்க. சரிதானா?" என்றார் ஆறுமுகச்சாமி, பழக்கதோஷத்தில்.

"சரிதான்," என்றார் பெரியவர். அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கடையில் வேலை செய்கிறவர்கள் வழியாகச் செய்தி சங்கரன்கோவிலுக்குப் போய்விடக் கூடாதே என்று சிரித்த முகமாகவே இருந்தார். எண்ணச் சொன்ன விஷயத்தை ஆறுமுகச்சாமி அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் போக ஒரு வழி கிடைத்ததில் அவருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் நன்றாகத் தூங்கினார்.

சின்ன ஊர். கப்பலில் ரேடியோ வேலை பார்க்கிறவர் லீவில் வந்திருக்கிறார் என்பது ஆமினாளின் காதுக்குப் போகாமல் இருக்குமா? அடுத்த வாரமே தன் தாயார் மகபூப் பீவியைக் கூட்டிக்கொண்டு வீடு தேடி வந்துவிட்டாள். இருபது வயது இருக்கும். கை நிறைய வளையல், தலையில் பூ. கோமதித்தாய் நாற்காலியை இழுத்துப் போட்டு மோர் கொடுத்தாள்.

"கப்பல்ல இருந்து முன்ன ரெண்டு தடவ அவுக பேசுனாக, அண்ணாச்சி. பக்கத்து வீட்டு போன்ல. ஓவர்னு கேட்ட பெறகுதான் நான் பேசணும்னு அவுகதான் சொல்லிக்குடுத்தாக. அந்த மாதிரி பம்பாய் ஆஸ்பத்திரிக்கு உங்களால ஒரு பேச்சு போட்டுத் தர முடியுமா? ரெண்டு வார்த்த கேட்டாப் போதும்."

மகபூப் பீவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுமுகச்சாமி வழக்கம்போல ஒரு விநாடி பொறுத்தார். பிறகு, "இப்ப கொஞ்சம் சிரமம்மா," என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஆமினாள் அவர் முகத்தையே பார்த்தாள். "சரி அண்ணாச்சி," என்று எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "அந்தப் புள்ள உங்கள நம்பல," என்றாள் கோமதித்தாய், தட்டை எடுத்துக்கொண்டே.

சாயங்காலம் மகபூப் பீவி தனியாக வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "எங்களுக்குள்ள புருசன் மவுத்தானா பொண்டாட்டி இத்தா இருக்கணும், துக்கத்துல ஒதுங்கி உக்காரணும். வயித்துல புள்ள இருந்தா அது பொறக்கது வரைக்கும்தான் அந்தக் கணக்கு. பொறந்த பெறகு சொன்னா அவளுக்கு உக்கார நாளே இல்ல. அவ புருசனுக்காக அவ ஒரு நாளுகூட துக்கம் இருக்கலன்னு ஆயிரும். இந்தா, பூ வச்சுக்கிட்டு திரியுதா. நாளைக்குத் தெரிஞ்சா எங்க மூஞ்சில முழிப்பாளா?"

"நீங்களே சொல்லலாமே?" என்று கோமதித்தாய் கேட்டாள்.

"சம்பந்தி எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக. பெத்த புள்ளய பறிகுடுத்த மனுசன். எப்படி மீறுவேன்?" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

சத்தியம் வாங்காதது ஆறுமுகச்சாமியிடம் மட்டும்தான். அவரிடம் இருந்தது ஒரு 'சரிதானா'வும் ஒரு 'சரிதான்' என்பதும்தான். தன் வாழ்க்கையில் திருப்பிச் சொல்லி ஒப்புக்கொண்ட எதையும் அவர் மீறியதில்லை. அதை இப்போது மீறுவதென்றால் பெரியவருடைய முகத்துக்கு நேரே மீற வேண்டும், முதுகுக்குப் பின்னால் செய்யக் கூடாது என்று முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா தொழுகை முடித்து முகம்மது ஹுசைன் மருமகளைப் பார்க்க வருவார் என்று மகபூப் பீவி சொல்லியிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவர் போனபோது பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு பை எலுமிச்சம்பழம். ஆமினாள் உள்வாசல் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தாள். "போன் வந்துச்சும்மா. காலு தேறி வருதாம். 'ஆமினாவ தைரியமா இருக்கச் சொல்லுங்க, நான் தைரியமாத்தான் இருக்கேன்'னான்," என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஆறுமுகச்சாமியைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"மன்னிக்கணும் அண்ணாச்சி. உங்ககிட்ட சொன்ன சொல்ல என்னால காப்பாத்த முடியல," என்றார் ஆறுமுகச்சாமி.

முகம்மது ஹுசைன் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தார். கை பாதியிலேயே நின்றது.

ஆறுமுகச்சாமி ஆமினாளைப் பார்த்துச் சொன்னார். ஆபத்துச் செய்தியைச் சொல்கிற வரிசையில்தான் சொல்ல வந்தது, அவருக்கு வேறு வரிசை தெரியாது. கப்பலின் பெயர், அது இருந்த இடம், என்ன நடந்தது, எத்தனை பேர் பிழைத்தார்கள். "பத்துப் பேரு பொழச்சாங்க. உங்க வீட்டுக்காரர் மவுத்தாயிட்டாரு, தாயி," என்றார். குரல் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் எண்ணச் சொன்னோம், அந்த எண்ணிக்கையால்தான் பத்துப் பேரும் கிடைத்தார்கள் என்றும் சொன்னார். அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "எண்ணச் சொன்னது நாந்தான். போதும்னு நான் சொல்லுத வரைக்கும் எண்ணச் சொன்னேன். அந்தப் போதும்ங்கிறத நான் சொல்லவே இல்ல. அதுக்காகத்தான் அவரு உள்ள நின்னாரு."

மகபூப் பீவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆமினாள் அழவில்லை. அவளுக்கு எதுவும் புரியவில்லையோ என்று ஆறுமுகச்சாமிக்குப் பயம் வந்தது. மறுபடியும் சொல்ல வேண்டுமோ என்று வாயெடுத்தார்.

"பயந்தாகளா?" என்று கேட்டாள் அவள்.

இந்த இடத்தில் ஒரு பொய் சொன்னால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஊரில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

"பயந்தாரும்மா," என்றார்.

"அழுதாகளா?"

"அழுதாரு. அழுதுக்கிட்டேதான் எண்ணுனாரு. நடுவுல நடுவுல நான் இருக்கேனான்னு கேட்டாரு."

ஆமினாள் மெல்லத் தலையாட்டினாள். "அவுகளுக்குத் தண்ணின்னா பயம், அண்ணாச்சி. பொழப்புக்குத்தான் கப்பலுக்குப் போனாக. மழ பெஞ்சு வாய்க்கால்ல தண்ணி போனாக்கூட என் கையப் புடிச்சிக்கிடுவாக." தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "தைரியமா இருக்கேன்னு ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் சொல்லி விட்டாகன்னதும் எனக்கு நெஞ்சு அடச்சுக்கும். அது அவுக பேச்சே இல்ல. யாரோ சொன்ன மாதிரி இருக்கும். நீங்க சொல்லுததுதான் அவுக."

பிறகு அவள் தலையிலிருந்த பூவை எடுத்துப் பாயின் ஓரத்தில் வைத்தாள். வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தாயாரின் கையில் கொடுத்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, யாரும் அவளுக்கு எதையும் சொல்லித் தரவும் இல்லை. கடைசியில் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்த மாமனாரின் பக்கம் திரும்பினாள்.

"மாமா, எனக்காக இம்புட்டு நாளும் நீங்க அழாமலா இருந்தீக?"

முகம்மது ஹுசைன் நாற்காலியை விட்டுத் தரையில் இறங்கி, சுவரில் சாய்ந்துகொண்டு, தெருவே கேட்கும்படி வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.